இராணுவ இசைப் பயிற்சியில் ஒரு வாரம்: காதால் வாசித்தவன் கண்ணாலும் காலாலும் வாசிக்கக் கற்றது

மூன்றாம் கிளாரினெட் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். படைப்பிரிவின் பேண்டில் சேர விரும்பும் தம்பி ஒருவர், அங்கே பயிற்சி எப்படி இருக்கும், காலை முதல் இரவு வரை வாசித்துக்கொண்டேதான் இருக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் விடை சொல்லத் தொடங்கினேன். எழுத எழுத நீண்டுவிட்டதால் தனி இழையாக இடுகிறேன். நான் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. கீழே உள்ளவை 1990-களின் தொடக்கத்தில் நான் பட்டறிந்தவை.

நான் மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். என் தாய்மாமன் பேண்டு செட் வைத்திருந்தார். கல்யாண ஊர்வலம், சாமி ஊர்வலம், இறப்பு வீடு என்று எல்லாவற்றுக்கும் போவோம். பதின்மூன்று வயதில் என் கையில் கிளாரினெட்டைக் கொடுத்தார். ஏட்டுப் பாடம் எதுவும் கிடையாது. பாட்டைக் கேட்க வேண்டும், கேட்டபடி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிப் படிப்பை முடித்து, குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர்ந்தேன். அடிப்படைப் போர்ப் பயிற்சிக்குப் பிறகு பேண்டுக்குத் தேர்வாகி, மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்கு அனுப்பப்பட்டேன். தரைப்படையின் இசைக் கலைஞர்கள் பயிலும் இசைப் பிரிவு, தளபதி கரியப்பாவின் ஆதரவில் 1950-இல் அங்கே தொடங்கப்பட்டது. பிப்பரியா ரயில் நிலையத்தில் இறங்கி, சாத்பூரா மலையில் ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு ஏற வேண்டும்.

நான் சேர்ந்து மூன்று மாதம் கழித்து வந்த ஒரு டிசம்பர் வாரத்தைச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை. விடியுமுன் எழுந்து, உடற்பயிற்சியும் ஓட்டமும் முடித்து, லங்கர் என்னும் உணவுக்கூடத்தில் தேநீர் குடித்துவிட்டு, கருவியை எடுப்போம். மற்ற சிப்பாய்களுக்கு உண்டான எல்லாம் எங்களுக்கும் உண்டு. இசைக்காரன் என்று எதிலும் தள்ளுபடி கிடையாது. குளிரில் கிளாரினெட்டின் சுருதி இறங்கிவிடும். அது கருங்காலியைப் போன்ற கடினமான மரம். சில்லிட்ட மரத்துக்குள் திடீரென்று சூடான மூச்சை ஊதினால் விரிசல் விடும். ஆகவே கருவியின் மேல் பகுதியைக் கழற்றிச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்போம். கால் மணி நேரம் கழித்து ஆளுக்கொரு மரத்தடிக்குப் போய், ஒரே சுரத்தைப் பதினாறு எண்ணிக்கைக்கு ஊத வேண்டும். ஏற்றமும் இறக்கமும் நடுக்கமும் கூடாது. பேண்டு செட்டில் ஐந்து ஆண்டுகள் வாசித்த எனக்கு இது சிறுபிள்ளை வேலையாகத் தோன்றியது. எங்கள் பயிற்றுநரான உஸ்தாத் என்னருகில் நின்று கேட்டபோதுதான் பத்தாவது எண்ணிக்கைக்கு மேல் என் மூச்சு ஆடுவதை நானே முதன்முறையாகக் கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை எழுத்துப் பாடம். மேனாட்டு இசையை எழுதும் ஐந்து கோடுகளும் அவற்றின் மேல் ஏறி இறங்கும் புள்ளிகளும். என்னை அதைவிடக் கலங்கடித்தது வேறொன்று. எங்கள் கிளாரினெட் பி-ஃபிளாட் கருவி (சி, பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட் எல்லாம் மேனாட்டுச் சுரங்களின் பெயர்கள்). தாளில் 'சி' என்று இருப்பதை வாசித்தால் வெளியே கேட்பது பி-ஃபிளாட். பக்கத்தில் ஆல்டோ சாக்ஸபோன் வைத்திருப்பவர் தம் தாளில் 'சி' வாசித்தால் ஈ-ஃபிளாட் கேட்கும். ஒரே எழுத்து ஆளுக்கொரு ஒலியாக எப்படி வரும் என்று இரண்டு வாரம் குழம்பினேன். மாமனுக்குக் கடிதம் எழுதும்போதுதான் விடிந்தது: நம் ஊரில் பாடகர் ஆறரைக் கட்டை சுருதியில் பாடினாலும் ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடினாலும் ஸ என்பது ஸ-தானே! என் கருவிக்கு ஆறரைக் கட்டை ஸ, அவருக்கு இரண்டரைக் கட்டை ஸ. அன்றைக்குப் பிறகு அந்தக் குழப்பம் எனக்கு வரவே இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் யாரேனும் இந்த இடத்தில் திணறினால், தயவுசெய்து கட்டைக் கணக்கில் நினைத்துப் பாருங்கள்.

புதன்கிழமையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று கிளாரினெட் வரிசைக்கு மட்டும் தனிப் பயிற்சி. எளிய மார்ச், அதாவது அணிநடை இசை, ஒன்று. என் பங்கு மூன்றாம் கிளாரினெட், அதாவது பாட்டின் மெட்டுக்குக் கீழே துணையாகச் செல்லும் வரி. ரி-யிலிருந்து க-வுக்குப் போகும் ஓரிடத்தில் என் விரல் தானாகவே வழுக்கியது. துளையை முழுவதும் திறக்காமல் ஓரத்தைச் சிறிது சிறிதாக விலக்கி, ஒரு சிறு ஜாரு. மாமன் கற்றுக்கொடுத்த அழகு அது. திருமண வீட்டில் கேட்பவர் தலையசைக்கும் இடம். உஸ்தாத் பயிற்சியை நிறுத்தினார். மூன்றாம் கிளாரினெட்டுகள் நால்வரையும் ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னார். என் முறை வந்தது; மறுபடியும் வழுக்கியது. அவர் கோபப்படவில்லை. இன்னொரு முறை வாசி என்று கேட்டு வாங்கிக் கேட்டார். பிறகு, நீ தனியாக நின்றால் இது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நால்வரில் ஒருவன் வழுக்கினால் மற்ற மூவர் தவறாக வாசிப்பதுபோல் கேட்கிறது என்று ஹிந்தியில் சொன்னார். மற்ற மூவரையும் சேர்த்து வாசிக்கவிட்டு, என்னை மட்டும் பத்தடி தள்ளி நின்று கேட்கச் சொன்னார். பிறகு என்னையும் சேர்த்துக்கொண்டு, வேறொருவரை வெளியே நிறுத்தினார். வெளியே நின்றவரின் முகம் எந்த இடத்தில் சுளித்தது என்று பார்த்தபோது எனக்கு விளங்கியது.

வியாழக்கிழமை அணிவகுப்புத் திடல். நிமிடத்திற்கு 120 அடி, ஓர் அடிக்கு 75 செ.மீ. இடது கால் தரையைத் தொடும் இடத்தில் பாஸ் டிரம் என்ற பெரு முரசின் அடி விழ வேண்டும். நடந்துகொண்டே வாசிப்பது பேண்டு செட்காரனுக்குப் பழக்கம்தானே என்று நினைப்பீர்கள். ஊர்வலத்தில் நாங்கள் நடந்தது மக்களின் நடை. இங்கே கால் ஒரு கடிகாரம். குதிகாலை இடித்து வைத்தால் அந்த அதிர்ச்சி முதுகெலும்பின் வழியே தாடைக்கு ஏறி, சுரம் அடிக்கு அடி விக்கும். பாதத்தைக் குதிகாலிலிருந்து விரல்வரை உருட்டி வைக்க வேண்டும். இடுப்புக்கு மேலே உடல் ஆடக்கூடாது. கருவியில் பொருத்திய சிறு கவ்வியில் மார்ச் அட்டை செருகியிருக்கும். காற்றில் அது படபடக்கும். ஒரு கண் அட்டையில், ஒரு கண் முன்வரிசைக்காரரின் தோளில், தலைக்கு மேலே, பேண்டை நடத்திச் செல்லும் டிரம் மேஜரின் கோல். அணி வளையும்போது உள்பக்கத்தில் நடப்பவர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே கால் மாற்ற, வெளிப்பக்கத்தவர் நீள அடி வைக்க வேண்டும். இருவரும் வாசிப்பதோ ஒரே தாளம். அன்று வளைவில் என் கால் ஒரு கல்லில் பட்டு, வாயில் வைக்கும் மவுத்பீஸ் பல்லில் மோதி, அதில் அதிர்ந்து ஒலி எழுப்பும் ரீடின் நுனி உடைந்தது. மிச்ச அணிவகுப்பு முழுவதும் வாயில் கருவியை வைத்துக்கொண்டு, விரல்களை மட்டும் அசைத்தபடி ஒலியின்றி நடந்தேன். வரிசை கலையக்கூடாது என்பது முதல் பாடம்.

வெள்ளிக்கிழமை முற்பகல் காயம்பட்டவரைத் தூக்கும் பயிற்சி, பிற்பகல் முழு பேண்டின் ஒத்திகை. சனிக்கிழமை கருவிச் சோதனை: பித்தளைக்குப் பிராசோ மெருகு போடலாம், வெள்ளி முலாம் பூசிய சாவிகளில் அது படவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தல், வீட்டுக்குக் கடிதம். அதற்கு மேல் அந்த இரண்டு நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

காதை மட்டும் நம்பி வளர்ந்த ஒருவனுக்கு, கண்ணையும் காலையும் அதே அளவுக்கு நம்பக் கற்பதுதான் அந்தப் பயிற்சியின் பெரும்பகுதியாக இருந்தது. கேள்விகள் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

*

சீவாளி எழுதியது:

ஐயா, மிக நிதானமாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. கும்பகோணம் பக்கத்தில் நாகஸ்வரம் வாசிக்கும் குடும்பத்தில் வந்தவன் நான். உங்கள் புதன்கிழமையைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. அதற்கு முன் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

நம் இசைக்கும் படை இசைக்கும் உறவு இன்று நேற்று ஏற்பட்டது அன்று. முத்துசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில், ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். ஏறக்குறைய நாற்பது உருப்படிகள், எல்லாம் சங்கராபரண ராகம், நோட்டுசுவரம் என்கிறோம். அவற்றில் ஒன்று இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டேதான். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் அரண்மனையிலேயே மேனாட்டுக் கருவிகள் ஒலித்தன. நீங்கள் வாசிக்கும் கிளாரினெட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர்க் கச்சேரியின் சின்னமேளம் என்ற இசைக்குழுவுக்குள் வந்ததும் அந்தச் சூழலில்தான். இன்றைக்கும் எங்கள் கச்சேரிகளில், கடைசியில் 'ஒரு இங்கிலீஷ் நோட்டு வாசியுங்கள்' என்று கேட்பவர்கள் உண்டு.

அந்த நோட்டுசுவரங்களில், சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகமே இல்லை. சுரங்கள் நேர்நேராக நிற்கும். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவை மிக ஏற்றவை. ஆனால் தோடியும் பைரவியும் வாசித்தவருக்கு நோட்டுசுவரம் ஓர் இளைப்பாறல், ஒரு மாறுதல். ஆண்டுக்கணக்கில் அதை மட்டுமே வாசித்தால் என்னாகும்? என்னிடம் படித்த பையன் ஒருவன் பேண்டு ஒன்றில் சேர்ந்தான். விடுமுறைக்கு வந்தபோது தோடி வாசிக்கச் சொன்னேன். அதன் காந்தாரம் (க) ஆடவே இல்லை. கம்பி போல நின்றது. அவன் முகத்தில் தெரிந்த வருத்தத்தை நான் மறக்கவில்லை. வரிசைக்காக விரலைக் கட்டிப்போட்டால், கட்டு அவிழ்ந்தபின் விரல் பழையபடி நடக்குமா ஐயா? உங்கள் அனுபவத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

*

மூன்றாம் கிளாரினெட் எழுதியது:

சீவாளி ஐயா அவர்களுக்கு, மறைக்காமலே சொல்கிறேன். நடக்காது, உடனே நடக்காது. பயிற்சி முடித்து முதல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது மாமனின் செட்டோடு ஒரு திருமணத்துக்குப் போனேன். நையாண்டி மேளத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். சுருதி சுத்தமாக இருந்தது, மூச்சு நீளமாக இருந்தது, தாளம் இம்மி பிசகவில்லை. ஆனாலும் மாமன் வாசிப்பு முடிந்தபின், "நல்லாத்தான் இருக்கு மாப்ளே, யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் என் தவறும் உண்டு. பச்மரியில் ஞாயிறு பிற்பகல் எங்களுக்கு உரியது. கூர்க்கா நண்பர் ஒருவர் மாதளம் என்ற நேபாளக் கைமேளத்தை எடுத்துக்கொண்டு தம் ஊர்ப் பாட்டைப் பாடுவார். நாகாலாந்துக்காரர் ஒருவர் கிதார் வைத்திருந்தார். முதல் இரண்டு மாதம் நானும் அவர்களோடு உட்கார்ந்து கரகாட்டத்துக்கு வாசிக்கும் மெட்டுகளை வாசித்தேன். கூர்க்கா நண்பருக்கு அந்தத் தாளம் மிகவும் பிடித்துப்போய், மாதளத்தில் பம்பையைப் போல அடித்துக் காட்டுவார். பிறகு தேர்வுகள் நெருங்க நெருங்க, ஞாயிறுகளிலும் மார்ச்சுகளையே வாசிக்கத் தொடங்கினேன். அப்படிச் செய்யும்படி எவரும் சொல்லவில்லை, நானாகத்தான் விட்டேன். நண்பர் அவருடைய இசையை விடவில்லை. அவருக்கு இரண்டும் கையில் இருந்தன.

ஓய்வுக்குப் பிறகு முறையாக ஓர் ஆசிரியரிடம் அமர்ந்து வர்ணத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். காந்தாரம் ஆட இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் ஒன்றைக் கண்டேன்: அசையாத சுரத்தைப் பதினாறு எண்ணிக்கைக்குப் பிடிக்கத் தெரிந்திருந்ததால், அசைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று என்னால் அளந்து வாசிக்க முடிந்தது. சிறுவயதில் எனக்கு ஜாரு தானாக வந்தது; எவ்வளவு வருகிறது என்று தெரியாது. உங்கள் மாணவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

*

கணிதன் எழுதியது:

இழையைத் தொடக்கத்திலிருந்து ஆர்வமாகப் படித்து வருகிறேன். எவருடைய உழைப்பையும் குறைத்துச் சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. ஆயினும் ஒரு கேள்வி. இத்தனை இளைஞர்களை மாதக்கணக்கில் பயிற்றுவித்து வாசிக்கவைக்கும் இசையை, நல்ல ஒலிபெருக்கியில் பதிவாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் இறுதிச் சடங்குகளுக்கு ஊதுவோர் போதாமல், பியூகிள் என்ற படை ஊதுகொம்புக்குள் பொருத்தும் மின்னணுக் கருவி ஒன்றை 2003 முதல் பயன்படுத்துகிறார்கள். பொத்தானை அழுத்திவிட்டு உதட்டில் வைத்துக்கொண்டால் அதுவே ஒலிக்கும். நடப்பதற்கு வேண்டியது தாளம்தான் என்றால், இயந்திரம் மனிதனைவிடத் துல்லியமாகத் தாளம் போடுமே?

*

தோல் கருவி எழுதியது:

கணிதன் அவர்களின் கேள்விக்கு நான் விடை சொல்ல அனுமதி வேண்டும். நான் பைப் எனும் காற்றுப்பைக் குழல் இசைக்கும் பைப் பேண்டில் சைடு டிரம் என்ற முரசு வாசித்தவன். பைப் வாசிப்போருக்கு ஒன்பது சுரங்கள்தான். பையைத் தொடுமுன் மாதக்கணக்கில் சிறு குழலில் மட்டும் விரல் பழகுவார்கள். எங்களுக்கோ சுரமே இல்லை. தாளத்தைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. ஆகவே இது என் துறை.

உங்கள் பெயருக்கேற்பக் கணக்காகவே சொல்கிறேன். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. நிமிடத்திற்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை நொடி. பேண்டுக்கு 85 மீட்டர் பின்னால் நடப்பவருக்கு டிரம்மின் அடி கால் நொடி தாமதமாகக் கேட்கும். அதாவது பேண்டுக்காரரின் கால் பாதி வழியில் அந்தரத்தில் இருக்கும்போது, அவர் தம் காலைத் தரையில் வைப்பார். 170 மீட்டர் பின்னால் இருப்பவருக்குச் சரியாக ஓர் அடி தள்ளிப்போகும்: பேண்டின் இடது கால் ஒலி, அங்கே வலது கால் விழும் நேரத்தில்தான் இவருக்கு வந்து சேரும். நெடிய அணிவகுப்பை மேலிருந்து பார்த்தால் கால்கள் அலை அலையாக விழுவதுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான். திடலின் பல மூலைகளில் ஒலிபெருக்கி வைத்தால் இது தீராது, பெருகும். ஒவ்வொரு ஒலிபெருக்கியிலிருந்தும் ஒரே அடி வெவ்வேறு நேரத்தில் வந்து, எது உண்மையான அடி என்றே தெரியாமல் போகும்.

உயிருள்ள பேண்டு என்ன செய்கிறது? அது பார்க்கிறது. பின்னால் வரும் அணி மேட்டில் ஏறித் தளர்வதை டிரம் மேஜர் கவனித்தால் கோலின் அசைவை இம்மியளவு மாற்றுவார். அணித்தலைவர் சல்யூட் மேடையைக் கடக்கத் தாமதமானால், மெட்டின் கடைசிப் பகுதியை இன்னொரு முறை வாசித்து நீட்டுவோம். நிற்க வேண்டிய இடம் வந்ததும் பாஸ் டிரம் இரட்டைத் தட்டு தட்டும். மெட்டு எந்த இடத்தில் இருந்தாலும் உரிய சந்தத்தில் எல்லோரும் ஒருசேர நிறுத்துவோம். பதிவு நாடாவுக்கு முன்னால் நடப்பவர் தெரியமாட்டார். அவர்கள்தான் அதற்கு ஏற்ப நடக்க வேண்டும்.

மூன்றாம் கிளாரினெட் அவர்கள் சொன்ன 'கண்ணால் வாசிப்பது' என்பது இதுதான் என்று நினைக்கிறேன். பல பேண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சிகளில், ஜனவரி 29-இல் தில்லி விஜய் சௌக்கில் நடக்கும் பாசறை திரும்பும் விழா போன்றவற்றில், எதிர்மூலையில் நிற்கும் டிரம்மைக் காதால் பின்பற்றினால் நிச்சயம் பிந்திவிடுவோம். கேட்பதை நம்பாதே, கோலைப் பார் என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே பழக்கினார்கள். தாளக் கருவிக்காரனிடம் காதை நம்பாதே என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்! முதல் சில வாரங்கள் எனக்குக் கோபமே வந்தது.

*

மூன்றாம் கிளாரினெட் எழுதியது:

தோல் கருவி அண்ணன் சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றுதான் உண்டு. கணிதன் அவர்கள் பியூகிளைக் குறிப்பிட்டார்கள். அதில் வால்வு கிடையாது. உதட்டின் இறுக்கத்தால் மட்டும் சுரம் மாறும். நம் அழைப்பொலிகள் எல்லாம் ஐந்து சுரங்களுக்குள் அடங்கும். நம் கணக்கில் சொன்னால் ஸ, ப, மேல் ஸ, மேல் க, மேல் ப. ரி இல்லை, ம இல்லை, த நி இல்லை. விடியல் அழைப்பும், உணவுக்கு அழைப்பதும், இறந்த வீரருக்கு வாசிக்கும் லாஸ்ட் போஸ்ட்டும் அந்த ஐந்துக்குள்தான் இருக்கின்றன.

நான் பியூகிள்காரன் அல்லன். ஆனால் எங்கள் விடுதியில் அடுத்த கட்டிலில் இருந்தவர் அதைப் பயின்றார். லாஸ்ட் போஸ்ட் வாசிப்பவர் பேண்டில் உள்ள எவரையும்விடத் தனியானவர். அவருக்குப் பக்கத்தில் அதே வரியை வாசிக்க எவரும் இல்லை. உதடு தவறினால் மூடி மறைக்க ஒரு டிரம் கூட இல்லை. எல்லோரும் தலைகுனிந்து நிற்கும்போது அவர் மட்டும் நிமிர்ந்து நின்று ஊத வேண்டும். குளிரில் உதடு மரத்துப்போனால் மேல் க எளிதில் உடையும். அந்த நண்பர் முதன்முதலாக உண்மையான ஓர் இறுதிச் சடங்கில் வாசித்துவிட்டு வந்த இரவு, சுரம் உடையவில்லை என்று எங்களிடம் சொன்னார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. இறந்தவரின் தந்தை எதிரே நின்றிருந்ததாக மறுநாள்தான் சொன்னார்.

பொத்தானை அழுத்தும் கருவி தவறே செய்யாது என்பது உண்மை. இருந்தாலும், தவறிவிடக்கூடும் என்று தெரிந்தே ஒரு மனிதர் தம் மூச்சைச் செலவிட்டு அங்கே நிற்பதைத்தான் அந்தத் தந்தைக்கு நாடு செலுத்தும் மரியாதையாக நான் கருதுகிறேன். இது என் உறுதியான கருத்து.

*

குன்னூர்வாசி எழுதியது:

வணக்கம் அண்ணா. என் மகன் இப்போதுதான் இத்தகைய பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். எந்த இடம் என்று எழுதவில்லை. இசைதானே, ஆபத்தில்லை என்று என் வீட்டார் ஆறுதல் சொன்னார்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை காயம்பட்டவரைத் தூக்கும் பயிற்சி என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அது எதற்காக? அவன் தொலைபேசியில் காது இரைகிறது என்றும் ஒருமுறை சொன்னான். தாயாகக் கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள்.

*

மூன்றாம் கிளாரினெட் எழுதியது:

அம்மா, விரைந்து கடந்துபோனது என் பிழை. போர்க்காலத்தில் பேண்டுக்காரர்கள் கருவிகளை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்குவார்கள். காயம்பட்டவரை முன்னணியிலிருந்து மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பது அவர்கள் வேலை. காலாட்படையில் இது நெடுங்கால மரபு. அதனால்தான் இரத்தப்போக்கை நிறுத்துவது, எலும்பு முறிந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்டுவது, சரிவில் நால்வராகத் தூக்கி நடப்பது எல்லாம் கற்பிக்கப்படுகின்றன. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் மகன் முதலில் சிப்பாய், பிறகே இசைக்காரர். தூக்கும் பயிற்சியில் மட்டும் நாங்கள் நால்வரும் ஒரே கால் வைத்து நடப்பதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே கால் வைத்தால் ஸ்ட்ரெச்சர் ஊஞ்சல்போல் ஆடி, படுத்திருப்பவருக்கு வலிக்கும். ஆகவே காலை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வியாழக்கிழமை முழுவதும் ஒரே கால் வைக்கப் பழகியவர்களுக்கு வெள்ளிக்கிழமை அதை மறப்பது எளிதாக இல்லை.

காது இரைவதை அலட்சியம் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். கிளாரினெட் வரிசைக்குப் பின்னால் பெரும்பாலும் டிராம்போனோ டிரம்போ இருக்கும். எங்கள் காலத்தில் காதில் பஞ்சு வைப்பதைக் கோழைத்தனமாக எண்ணினோம். என் இடது காது இன்று மேல் ஸ்தாயியைச் சரியாகக் கேட்பதில்லை. இசைக்காரர்களுக்கென்றே காது அடைப்பான்கள் இப்போது கிடைக்கின்றன. மருத்துவப் பிரிவில் அவர் தயங்காமல் கேட்கட்டும்.

*

ட்ரம்பெட் தம்பி எழுதியது:

அண்ணா, முதலில் கேள்வி கேட்டவன் நான்தான். எனக்காக இவ்வளவு எழுதியதற்கு மிக்க நன்றி. கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தின் பேண்டில் நான்கு ஆண்டுகளாக ட்ரம்பெட் வாசிக்கிறேன். கீர்த்தனைகளைக் கேட்டே வாசிப்போம். ஐந்து கோடு தெரியாது. தரைப்படைக்கா, கடற்படைக்கா, விமானப்படைக்கா, எதற்கு முயல்வது என்றும் தெரியவில்லை.

நீங்கள் சொன்னதை நேற்று மாலை பள்ளித் திடலில் செய்து பார்த்தேன். ஒரே சுரத்தை எட்டு அடிக்குப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எனக்கு எல்லாம் சரியாக இருந்ததுபோல் தோன்றியது. என் தங்கை ஓரத்தில் நின்று அலைபேசியில் படம் பிடித்தாள். பார்த்தால், ஐந்தாவது அடியிலிருந்து கால் முந்துகிறது. ஒலியும் ஒவ்வொரு அடிக்கும் விக்குகிறது.

*

மூன்றாம் கிளாரினெட் எழுதியது:

தம்பி, படம் பிடித்துப் பார்த்தது மிக நல்ல செயல். எங்களுக்கு அந்த வசதி இல்லை. உஸ்தாத் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது.

எதில் சேர்வது என்பதற்கு: கடற்படையும் விமானப்படையும் இசைக்காரர்களுக்கென்று தனியாக ஆள் எடுக்கின்றன. 2022 முதல் அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணி. அதன் முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே நிரந்தரமாகத் தொடர முடியும். இதை வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிய பிறகே முடிவெடுங்கள். ஒவ்வொரு முறையும் அறிவிக்கையை முழுவதும் படியுங்கள். வயதும் தகுதியும் அதில்தான் இருக்கும். எதற்குப் போனாலும் ஐந்து கோட்டைக் கற்றுக்கொண்டு போங்கள். உங்கள் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவருக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும். வாரம் இருமுறை அரை மணி நேரம் கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டார். தேசிய கீதத்தை முழுமையாக 52 நொடியில் முடிக்கப் பழகுங்கள்; கடிகாரத்தைப் பார்க்காமல் வாசித்துவிட்டு, தங்கையை நேரம் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் நாற்பத்தைந்தில் முடிப்பீர்கள்.

நடைக்கு வருவோம். ஒரு வாரத்துக்கு ட்ரம்பெட்டை வீட்டில் வைத்துவிடுங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை 120-இல் வைத்து, திடலில் 75 செ.மீ. இடைவெளியில் சுண்ணாம்பால் பதினாறு கோடுகள் போட்டு, வாயில் 'தூ' என்று மட்டும் பிடித்தபடி கோட்டுக்குக் கோடு நடங்கள். குதிகால் மெதுவாக, பிறகு பாதம், பிறகு விரல். 'தூ' விக்கவில்லை என்று தங்கை சொன்ன பிறகே கருவியைத் தொடுங்கள். படத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: எந்தக் காலில் தொடங்குகிறீர்கள்?

*

ட்ரம்பெட் தம்பி எழுதியது:

இப்போதுதான் பார்த்தேன் அண்ணா. வலது கால். நாளை சுண்ணாம்பு வாங்கிவிடுகிறேன்.